சனிக்கிழமை நாலு மணி

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று வாரத்துக்கு வாய் திறக்கக் கூடாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். குரல்நாணில் இருந்த முடிச்சை எடுத்து இன்றோடு நான்கு நாள். மூன்று வாரத்துக்குப் பிறகு பேசலாம், பாட்டு மட்டும் ஈஸ்டர் நெருங்கும்வரை கிடையாது. "ஸ்கூல்ல முப்பத்தி நாலு வருஷம் கணக்கு, கோயில்ல இருபத்தேழு வருஷம் கொயர். தொண்டை என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?" என்று கூட வந்த என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

பேச முடியாததால் இந்த நோட்டு. இதுவரை நான் நாட்குறிப்பு எழுதியதில்லை. சொல்ல வேண்டியதை உடனே சொல்லிவிடுகிறவளுக்கு அது தேவைப்படவில்லை.

இவர் பஜாரில் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பல்பமும் வாங்கி வந்தார். நாற்பது வருடத்தில் முதல்முறையாக வீட்டில் வானொலிச் செய்தியை முழுதாகக் கேட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிலேட்டில் "குழம்பில் உப்பு இல்லை" என்று எழுதிக் காட்டினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குருவானவர் பார்க்க வந்தார். ஜெபம் பண்ணிவிட்டு, தொண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார். ஈஸ்டர் வரைக்கும் பாடகர் குழுவை யார் எடுப்பது?

நான் முன்னமே தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலில் ஹெப்சி. பெண்களின் மேல்குரலான முதல் சோப்ரானோவில் இருபது வருடமாகப் பாடுகிறவள், கோயில் தெருவிலேயே நல்ல குடும்பம். இரண்டாவது என் தங்கை மகன் டேனி. அவர் படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கெசியாவ போடலாம்னு நெனைக்கேன் டீச்சர்."

கெசியா நான்கு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறாள். ஹாஸ்டலில் படிக்கும்போது கற்றுக்கொண்டது. இப்போது ஒரு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை வேலை. ஊருக்குக் கிழக்கே உப்பளக் காலனியில் வீடு, அம்மா பாக்கியம் இன்னும் அளத்தில் உப்பு வாரப் போகிறாள். அமைதியான பெண். வாசிப்பில் குறை சொல்ல முடியாது.

சிலேட்டில் "சின்னப் பிள்ளை" என்று எழுதினேன்.

"இருபத்தேழு வயசு டீச்சர். நீங்க எடுத்தப்ப முப்பத்தஞ்சு. பெரிய வித்தியாசமா?"

"தற்காலிகமாக" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். "சரி, தற்காலிகமாத்தான்" என்றார். எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

அவர் போனபிறகு கெசியாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சில குறிப்புகள் எழுதினேன். பத்தொன்பது வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

பிராக்டிஸ் ஏழு மணிக்கு. என் மாமனார் பாடகர் குழுவை நடத்திய காலத்திலிருந்தே வியாழன் மாலை ஏழு மணிதான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

கெசியாவின் கை சின்னக் கை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் அசைக்கிறாள். பின்வரிசைக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது வரியில் ஆண்களின் அடிக்குரலான பேஸ் இழுத்தது. இழுத்தவர் வேறு யாருமில்லை, இவர்தான். நான் தொடையில் தாளம் தட்டினேன். பிறகு ஹெப்சி மூச்சு விடக் கூடாத இடத்தில் மூச்சு விட்டாள். நான் கையை உயர்த்தினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம்தான்.

கெசியா பாட்டை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"டீச்சர், நீங்க இங்க இருந்து கைய ஆட்டுனீங்கன்னா எல்லாரும் உங்களத்தான் பாக்காங்க. என்னைய யாரும் பாக்க மாட்டேங்காங்க."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது, சிலேட்டோ வீட்டில். எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாளைக்கு ஊறவைக்க வேண்டிய உளுந்தை இன்றைக்கே ஊறவைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பாடினார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆறே முக்காலுக்கு இவர் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். சிலேட்டில் "பிராக்டிஸ்?" என்று எழுதினேன்.

"இன்னைக்கு இல்ல. இனிமே சனிக்கிழமை நாலு மணி."

ஏனாம்? உப்பளக் காலனியிலிருந்து பதினைந்து பேர் சேர வருகிறார்களாம். பதினொரு பெண்கள், நான்கு ஆண்கள். அளத்துக்காரர்கள் விடியுமுன் இரண்டு மூன்று மணிக்கே வேலைக்குப் போய், வெயில் ஏறியதும் திரும்புகிறவர்கள். மாலை ஏழரைக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். வியாழன் ஏழு மணிக்கு அவர்களால் வர முடியாது. அதனால் கெசியா நேரத்தை மாற்றிவிட்டாள்.

என் மாமனார் வைத்த நேரம். நான் இருபத்தேழு வருடம் ஒரு நாள் மாற்றவில்லை.

ஹெப்சி போன் செய்தாள். நான் பேச முடியாது என்று தெரிந்தே செய்து, இருபது நிமிடம் அவளே பேசினாள். "அவங்க யாருக்காவது சோல்ஃபா பாத்து சுரம் படிக்கத் தெரியுமா டீச்சர்? நம்ம கொயர்னா ஒரு இது இருந்துச்சுல்லா?" நான் போனை ஒருமுறை தட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

இங்கே ஒன்றை எழுதிவைக்க வேண்டும். நாங்கள் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. கொயர் எல்லாருக்கும் பொது. காலனியிலிருந்து யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 1, சனி

நாலு மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கோயில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி. காற்று அந்தப் பக்கம் அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம், கெசியாவின் அம்மா பாக்கியம் வந்தாள். கையில் ஒரு கட்டு பனங்கிழங்கு. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமல் நின்றாள், பிறகு மறுபடி சொன்னதும் ஓரத்தில் உட்கார்ந்தாள். உப்பு அறுத்த கால்கள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

"சௌக்கியமா இருக்கியளா டீச்சர்? பேசக் கூடாதாம்லா. நீங்க பேசாதிய, நானே பேசிட்டுப் போயிருதேன்."

வெயிலைப் பற்றிப் பேசினாள். இந்த வருடம் உப்பு சீக்கிரம் பூத்துவிட்டது என்றாள். பிறகு நேற்று பிராக்டிஸுக்குப் போனதைச் சொன்னாள். சிரிக்கும்போது முகம் இருபது வயது குறைந்துவிட்டது.

"கெசியா ஆல்டோன்னுட்டா என்னைய. எனக்கு அடிக்கொரல்லா. ஒருக்கா உங்ககிட்டயே வந்து கேட்டேன், ஞாபகம் இருக்கா டீச்சர்? இவ கைப்புள்ள அப்ப. இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் வந்தேன். கோயில் படிக்கட்டுல நின்னு கேட்டேன். நீங்க, 'ஏழு மணிக்கு வர முடியுமா பாக்கியம்'னு கேட்டிய. முடியாதுன்னேன். 'அப்பம் சரிப்படாதே'ன்னிய. அதுவுஞ் சரிதான், நேரம்னா நேரந்தான். சும்மா மனசுல ஒரு ஆசை. இப்ப வந்திட்டேம்லா!"

என்மேல் குறை வைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அது சந்தோஷச் செய்தி. நான் பனங்கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். வாய் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அவள் போனபிறகு இவர் என்னைப் பார்த்தார். சிலேட்டில் எழுதினேன்: "எனக்கு நினைவில்லை."

மார்ச் 3, திங்கள்

நினைவிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று டாக்டர் பேசலாம் என்றார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மெதுவாக. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இவர் காத்திருந்தது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"பாக்கியம் வந்து கேட்டது நிஜம்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தாழ்ந்து, கொஞ்சம் மணல் கலந்தது போல.

இவர் டம்ளரை வைத்தார். "எனக்குத் தெரியும். நானும் அன்னைக்கு அந்தப் படிக்கட்டுலதான் நின்னேன்" என்றார்.

இருபத்தாறு வருடமாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

மார்ச் 8, சனி

போனேன். பின்னால் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

கெசியா ஒவ்வொரு குரலுக்கும் உள்ள பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்து போனில் அனுப்பிவிடுகிறாள். சோல்ஃபா தெரிந்தவர்கள் தாளைப் பார்க்கிறார்கள், தெரியாதவர்கள் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அளத்துப் பெண்கள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு உப்பு வாரும்போதே பாடிப் பழகுகிறார்களாம். வாரத்தில் ஆறு நாள், மணிக்கணக்கில். என் குழுவில் யாரும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பாடியதில்லை.

பெண்களில் அடிக்குரல் உள்ளவர்கள்தான் ஆல்டோ. என் காலம் முழுக்க அந்த வரிசையில் நான்கு பேர்தான். அது கேட்காமல் போகும் என்று முன்னால் நின்று கையும் ஆட்டிக்கொண்டு நானே சேர்ந்து பாடுவேன். ஆண்களின் மேல்குரலான டெனர் இளைத்தால் அதையும் பாடுவேன். இன்று பதினோரு பேர் அந்த வரிசையில் நின்றார்கள். கெசியா கையைத் தாழ்த்தினாள். அந்தச் சத்தம் தரையிலிருந்து ஏறி வந்தது. பெஞ்சின் பலகையில் அதிர்வு தெரிந்தது. கெசியா வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

நன்றாகத்தான் இருந்தது. பேஸ் கொஞ்சம் தாமதம்.

மார்ச் 12, புதன்

ஹெப்சியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். நல்ல கேக் கொண்டுவந்தார்கள்.

"கொரல் வந்திருச்சுல்லா டீச்சர். பாட வேண்டாம், கைய மட்டும் காட்டுங்க. ஈஸ்டர நீங்கதான் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை கமிட்டியில பேசப்போறோம்."

அங்கி விஷயத்தையும் எடுத்தாள். பாடகர் அங்கி மொத்தம் இருபத்திரண்டு. அலமாரிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு பேர்தான் நிற்க முடியும், பழைய ஆட்கள் இருபது, ஆக இரண்டு இடம் காலி. "புதுசா வந்தவங்க சபையோட உக்காந்து பாடட்டும். யார் வேண்டாங்கா?"

யோசிக்கிறேன் என்றேன்.

அவர்கள் போனபிறகு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ஈஸ்டர் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை, சத்தமில்லாமல். கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பினால் இவர் வாசலில் முறுக்கு தின்றுகொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். முறுக்கைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

முழுதாக எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்து கமிட்டி கோயிலுக்குள்ளேயே கூடியது. பாடகர் குழுவையும் இருக்கச் சொன்னார்கள். காலனிக்காரர்கள் பின்னால் நின்றார்கள். இடம் இருந்தும் உட்காரவில்லை. ஹெப்சி எழுந்து அழகாகப் பேசினாள். டீச்சரின் தியாகம், டீச்சரின் இருபத்தேழு ஈஸ்டர், டீச்சர் குணமாகி வந்தது கர்த்தருடைய கிருபை. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

குருவானவர் கெசியாவைப் பார்த்தார். அவள் கீபோர்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். நின்ற இடத்திலிருந்துதான் பேசினாள், முன்னால் வரவில்லை.

"டீச்சர் எடுத்தாங்கன்னா நான் கீபோர்டுக்குப் போயிருதேன் ஐயா. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா புதுசா வந்தவங்க நிக்கணும். அங்கி இருந்தாலும் இல்லாட்டியும் நிக்கணும். அத மட்டுந்தான் கேக்கேன்."

 பாக்கியம் தன் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் படிக்கட்டிலும் அப்படித்தான் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

குருவானவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர்?"

எழுந்தேன். டாக்டர் சொன்ன பத்து நிமிடத்தில் காலையிலேயே நான்கு போயிருந்தது.

"தற்காலிகம்னு எழுதி ரெண்டு கோடு போட்டேன்லா ஐயா, அத அடிச்சிருங்க. கொயர கெசியாவே எடுக்கட்டும். ஈஸ்டருக்கு மட்டும் இல்ல."

ஹெப்சி, "டீச்சர், நீங்க எங்களுக்காக..." என்று ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தினேன். இருபத்தேழு வருடப் பழக்கம். உடனே நிறுத்திவிட்டாள்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால பாக்கியம் வந்து கொயர்ல சேரணும்னு எங்கிட்ட கேட்டா. நம்ம கோயில் படிக்கட்டுல, புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு. ஏழு மணிக்கு வர முடியுமான்னு கேட்டேன். அளத்துக்குப் போறவங்க ஏழு மணிக்கு வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். முடியாதுன்னு நான் சொல்லல, அவளையே சொல்ல வச்சேன். வீட்டுக்குப் போயி, நம்ம யாரையும் வேண்டாம்னு சொல்லலன்னு இருந்துட்டேன். பாக்கியம், தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

பாக்கியம் பதறிப்போய், "ஐயோ, என்ன டீச்சர் நீங்க" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். கெசியா என்னையே பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா மகளிடம் சொன்னதே இல்லை.

அங்கி அலமாரிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "அங்கி யாருக்கும் வேண்டாம். வெள்ளைச் சேல, வெள்ளைச் சட்ட. எல்லார் வீட்டுலயும் இருக்கும்."

பின்னால் யாரோ "ஆமென்" என்று சத்தமாகச் சொன்னார். இவர்தான். கமிட்டிக் கூட்டத்தில் ஆமென் சொல்லும் வழக்கம் இல்லை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து மாலைவரை பேசவில்லை. தொண்டைக்காகத்தான்.

மார்ச் 22, சனி

ஹெப்சியும் மூன்று பேரும் பிராக்டிஸுக்கு வரவில்லை. முதல் சோப்ரானோ பாதியாகிவிட்டது. வராதவர்கள் போகட்டும் என்றேன். இவர், "கெசியா அப்படிச் சொல்லலயே" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

தெரிந்துகொண்டது: கெசியா இந்த இரண்டு வாரத்தில் ஹெப்சி வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறாள். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாவது முறை ஹெப்சி வாசலில் வைத்தே பேசி அனுப்பியிருக்கிறாள். மூன்றாவது முறை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறாள். "அந்த மேல் சுரம் உங்களத் தவிர யாருக்கும் வராதுக்கா. நீங்க வரலன்னா கடைசிச் சரணத்த விட்டுருதேன்" என்றாளாம் கெசியா.

நான் இத்தனை வருடத்தில் யாரையும் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டதில்லை. வராதவர்கள் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவேன்.

ஏப்ரல் 5, சனி

ஹெப்சி வந்தாள். இரண்டு பேர் அவளோடு வந்தார்கள், ஒருவர் வரவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் நின்றாள். கடைசிச் சரணத்தில் அந்த மேல் சுரத்தைப் பிடித்தாள். கீழே பதினோரு ஆல்டோவும் தாங்க, அவள் குரல் கத்தாமலேயே மேலே நின்றது. பாடி முடித்ததும் அவளே திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். இத்தனை நாள் அந்தச் சுரத்துக்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கஷ்டப்பட்டவள் அவள்.

ஏப்ரல் 10, வியாழன்

டாக்டர் மெதுவாகப் பாடலாம் என்றார். உச்சத்துக்குப் போகக் கூடாது. நடத்துவது இனி வேண்டாம் என்றார். அது எப்போதோ முடிந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்றரைக்கே போய்விட்டேன். கெசியா கீபோர்டை இணைத்துக்கொண்டிருந்தாள்.

"சேந்துக்கலாமா?" என்று கேட்டேன்.

வயரைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள்.  பிறகு, "ஒரு தடவ பாடிக் காட்டுங்க டீச்சர். எல்லாருக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்" என்றாள். சொல்லும்போது காது வரைக்கும் சிவந்துவிட்டாள். ஆனாலும் சொன்னாள்.

பாடிக் காட்டினேன். அறுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. மேலே மூன்று சுரம் போயே போய்விட்டது. கீழே இரண்டு புதிதாக வந்திருக்கிறது.

"ஆல்டோ. ரெண்டாவது வரிசை. அம்மா பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். பாக்கியம் நகர்ந்து இடம் விட்டாள். அவள்மேல் வெயிலும் உப்பும் கலந்த வாசம். "பயப்படாதிய டீச்சர், நான் புடிச்சுக்கிடுவேன்" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. தெருவெல்லாம் ஓலை. பதினோரு மணிவரை கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. வாத்தியம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு, மிகத் தாழ்ந்த குரலில். இவர் கண்ணைத் துடைத்தார். தூசி என்கிறார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர்.

நாலரைக்கு ஆராதனை. நாலு மணிக்கே கோயில் நிறைந்துவிட்டது. நாங்கள் முப்பத்தைந்து பேர், எல்லாரும் வெள்ளையில். காலனிப் பெண்கள் தலையில் மல்லிகை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஹெப்சி தன் பையிலிருந்த பூவை எடுத்துத் தானும் வைத்துக்கொண்டாள். அங்கி போட்ட காலத்தில் பூ வைக்க நான் விட்டதில்லை.

கெசியா முன்னால் வந்து நின்றாள். அந்தச் சின்னக் கை உயர்ந்தது. பின்வரிசைக்குத் தெரியுமா என்று நான் கேட்டேனே, தெரிகிறது. சின்னக் கை என்பதால் எல்லாரும் அதையே உற்றுப் பார்க்கிறார்கள்.

முதல் மூன்று சரணம் எனக்குத் தரையில் கால் பட்டது நினைவில்லை. பாக்கியத்தின் குரல் என் இடது காதில், மற்றவர்களுடையது வலது காதில். முன்னால் நிற்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் கிடைக்காது. வரிசைக்குள்ளே நிற்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

கடைசிச் சரணத்தில் சோப்ரானோவும் டெனரும் மட்டும் இரண்டு வரி பாடுவார்கள். பிறகு நான்கு தட்டு காத்திருந்து ஆல்டோவும் பேஸும் எழும்ப வேண்டும். இருபத்தேழு வருடம் அந்த இடத்தில் இரண்டாவது தட்டிலேயே மூச்சை இழுத்துக் கையைத் தூக்கி எல்லாரையும் தயார் செய்தவள் நான். உடம்பு அதை மறக்கவில்லை. இரண்டாவது தட்டில் மூச்சை இழுத்தேன். பாடிவிட்டேன்.

தனியாக, கோயில் முழுக்கக் கேட்க.

என்னைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன பாக்கியம் சொன்னபடியே என்னோடு எழும்பிவிட்டாள். இரண்டு பேர். மற்ற பத்து பேரும் திகைத்து கெசியாவைப் பார்த்தார்கள். என் காலத்தில் நானாக இருந்தால் கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, அந்த இரண்டு பேரை அடக்கியிருப்பேன். பாட்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

கெசியா முகம் மாறவில்லை. இடது கையை எங்கள் வரிசை முழுதுக்கும் விரித்தாள், வாருங்கள் என்று. பத்து பேரும் சேர்ந்தார்கள். அதே நேரம் வலது கையால் பேஸைக் கூப்பிட்டாள், இவர்கூடச் சரியாக வந்தார். மேலே ஹெப்சி தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே நாங்கள் இரண்டு தட்டு முன்னதாகவே அலை மாதிரி எழும்பி அவளைத் தூக்கினோம். பழகியபோது ஒருநாளும் அப்படி வந்ததில்லை. சபை தானாக எழுந்து நின்றது. யாரும் எழும்பச் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. பாக்கியம், "பிந்துனமா முந்துனமா டீச்சர்?" என்று காதில் கேட்டாள். "முந்திட்டோம்" என்றேன். "பிந்துறதுக்கு அது தேவல" என்றாள்.

ஆராதனை முடிந்து பவனி. எப்போதும் கோயில் தெரு, பஜார், பள்ளிக்கூடத் தெரு என்று மூன்று தெரு சுற்றி வந்துவிடுவோம். பஜார் முக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும். குருவானவர் சிலுவையோடு வலது பக்கம் திரும்பினார். ஹெப்சி, "எங்க போறோம்?" என்றாள்.

"காலனிக்கு" என்றாள் கெசியா. எங்களைப் பார்த்துப் பின்பக்கமாக நடந்தபடி, தாளத்தை விடாமல்.

ஹெப்சி ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள். அந்தப் பக்கம் மண்ரோடு, குதிகால் செருப்பு புதையும்.

ஒன்றேகால் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். கிழக்கு வெளுத்து, குவித்து வைத்த உப்பெல்லாம் முதலில் சாம்பல் நிறமாக, பிறகு ரோஜா நிறமாக, பிறகு கண் கூச வெள்ளையாக ஆனது. நாங்கள் முப்பத்தைந்து பேரும், பின்னால் சபை முழுவதும். அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்த சிலர் பாத்திக்குள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் ஆல்டோ பாட்டைச் சேர்ந்து பாடினாள். கோயிலுக்கு வருகிறவள் இல்லை. பக்கத்துப் பாத்தியில் இரண்டு மாதமாகக் கேட்டுக்கேட்டே மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

காலனியில் எல்லா வாசலிலும் கோலம். பெரிய அண்டாவில் கருப்பட்டிக் காப்பி. குருவானவர் ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"கெசியா, கடைசிச் சரணத்துல ஆல்டோ முன்னாடியே எழும்புச்சே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு. உடம்பே சிலுத்திருச்சு. நீயா யோசிச்சியா, டீச்சர் சொல்லித் தந்தாங்களா?"

எனக்குக் காப்பி புரையேறியது. பாக்கியம் முதுகில் தட்டினாள்.

"டீச்சர் பாடிக் காட்டுனாங்கய்யா" என்றாள் கெசியா. "நல்லாருந்துச்சு, வச்சிக்கிட்டோம். அடுத்த வருஷமும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. இரண்டு பேரும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என்ன என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். சொல்லவில்லை.

காப்பி முடிந்ததும் அவள் கையைத் தூக்கினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வரிசைக்கு ஓடினேன். திரும்பி வரும் வழி முழுக்கப் பாடிக்கொண்டுதான் வந்தோம்.